உடைக்கக் கூடாத பெட்டிகள்

கடை வைச்சிருக்கிற ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை: விக்கிற சாமான் தன்ரை பாட்டிலை போயிடும், விக்காமல் கிடக்கிற சாமானுக்குத்தான் நாள் முழுக்க மறுமொழி சொல்லவேணும். ஊர்காவற்றுறையிலை, துறைக்குப் போற ரோட்டிலை நான் கடை வைச்சிருந்தனான். கொப்பி, பேனை, வெளிநாட்டுக்கு ரெலிபோன், பின் அறையிலை ஒரு ரீவியும் தம்பி அனுப்பின வீடியோ கேம் பெட்டியும். சமாதான காலம். பள்ளிக்கூடம் விட்டாப் பொடியள் காசு குடுத்து விளையாட வருவாங்கள், கரண்ட் நிண்டால் என்னோடை சண்டைக்கு வருவாங்கள். அதெல்லாம் தாங்கலாம். தாங்க ஏலாமல் போனது மூண்டு பொம்மை. உங்களுக்கும் வெளிநாட்டிலை ஒரு தம்பி இருந்தால் வாசியுங்கோ, கொஞ்சம் ஆறுதலாக் கிடக்கும்.

காசுக்குப் பதில்

இடம்பெயர்ந்து திரும்பி வரேக்கை கடைக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. நிவாரணத்திலை தந்த நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டித்தான் யாவாரம். மாரி வந்தால் கொப்பியெல்லாம் ஊறிப்போகும். தம்பி அன்ரன் ரொறன்ரோவிலை ஒரு கேம் கடையிலை வேலை. ஓடு போடக் காசு அனுப்படா எண்டு அவனைக் கேட்டுக் கேட்டே என்ரை வாய் தேஞ்சுபோச்சு.

ஒருநாள் அவனே ரெலிபோன் எடுத்தான். காசில்லையாம், காசைவிடப் பெறுமதியான சாமான் கப்பலிலை வருதாம். என்னடா சாமான் எண்டு கேட்டால், என்ரை பின் அறையிலை பொடியள் விளையாடுற அதே கேமிலை வாற வாள்காரியின்ரை பொம்மை, மூண்டு. உலகத்துக்கே கொஞ்சம்தான் செய்தவங்களாம், இனிச் செய்யமாட்டாங்களாம். ஒண்டு பதினையாயிரம் ரூபாய். பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் வாற வெளிநாட்டு ஆக்களுக்கு மூண்டையும் வித்தால் ஓடும் சரி, மரமும் சரியாம். நல்லா ஏசுவமெண்டு ரிசீவரை மற்றக் காதுக்கு மாத்தினன். அதுக்குள்ளை அவன் சொல்லுறான்:

"ஒண்டை மட்டும் மறக்காதையுங்கோ அக்கா. பெட்டியை உடைச்சால் விலை போயிடும். பொம்மையைவிடப் பெட்டிதான் முக்கியம்."

ரெண்டு சட்டம்

பார்சலை யாழ்ப்பாணத்திலை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலை வாறன். தீவுக்கு வாற வழியிலை, சென்றியிலை, சோதனை போடுற இடத்திலை, எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்டிப்போட்டுத்தான் திரும்பி ஏறவேணும். பழகின விசயம், ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. அண்டைக்குத்தான் நான் யோசிச்சன். பெட்டியைத் திறக்கக் கூடாதெண்டு தம்பியின்ரை சட்டம், திறக்காமல் போகக் கூடாதெண்டு சென்றியின்ரை சட்டம், நடுவிலை நான்.

காவலுக்கு நிண்ட சிங்களப் பொடியனுக்குத் தமிழ் அரைகுறை. "தம்பி, இதைத் திறந்தால் விலை போயிடும்" எண்டு கும்பிடாத குறையாச் சொன்னன். அப்பிடிச் சொன்னால் ஆர்தான் திறக்காமல் விடுவினம்? கத்தியாலை ஒரு பெட்டியிலை ஒட்டின இடத்தை வெட்டி, வாள்காரியை வெளியிலை எடுத்து, தலைகீழாப் பிடிச்சுக் குலுக்கி, காதிலை வைச்சும் பாத்தான். பொம்மைதான் எண்டு கண்டபிறகு மற்ற ரெண்டு பெட்டியையும் திறக்காமல் விட்டிட்டான், புண்ணியவான். விலை என்ன எண்டு கேட்டான். சொன்னன். பொம்மையைத் திருப்பித் தந்துபோட்டு, உண்மையாவே எனக்காகக் கவலைப்பட்டுச் சொன்னான்:

"அவ்வளவு சல்லியா அக்கா? உள்ளுக்கு ஒண்டும் இல்லைதானே."

நிக்கிறதுக்கு விலை

பெட்டி உடைஞ்சவளை முன்னுக்குக் கண்ணாடி அலுமாரியிலை வைச்சன். பெட்டியோடை கிடந்த ரெண்டையும் பின்னாலை மர அலுமாரிக்கு மேலை ஏத்தினன். அண்டையிலை இருந்து ரெலிபோன் எடுக்க வாற ஒவ்வொருத்தருக்கும் வகுப்பு எடுக்கிறதுதான் என்ரை வேலை.

சூசை அண்ணை கடலுக்குப் போறவர். நோர்வேயிலை இருக்கிற மூத்தவளோடை கதைக்க ஞாயிறு பூசை முடிஞ்சு வருவார். கண்ணாடிக்குள்ளை பாத்திட்டு, "இது சாவி குடுத்தால் நடக்குமோ?" எண்டார். இல்லை அண்ணை எண்டன். "பற்றறி போட்டால் கதைக்குமோ?" இல்லை. "அப்ப என்னதான் செய்யும்?" "நிக்கும்" எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல? விலையைக் கேட்டார். கேட்டவர், நோர்வேக்கு லைன் கிடைச்சு மகள் அங்கை கத்திறதையும் மறந்துபோனார்.

"என்ரை சின்ன மருமோன் நேசனும்தான் கலியாணம் கட்டின நாள் துவக்கம் சும்மா நிக்கிறான், அவனுக்கு ஒருத்தரும் ஐஞ்சு சதம் குடுக்கினமில்லையே பிள்ளை."

உடுப்பு

வாள்காரிக்கு வாள் பெரிசு, உடுப்புச் சின்னன். இடுப்பிலை ஒரு வார், நெஞ்சிலை ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். நான் அதைக் கவனிக்கேல்லை. கோயில் மாதர் சங்கத் தலைவி பிலோமினா ரீச்சர் கவனிச்சா. பூசைக்குப் போற வழியிலை, பிள்ளையள் வந்துபோற இடத்திலை, இப்பிடி ஒரு கோலத்தை வைக்கலாமோ எண்டு கேட்டு, என்ரை மறுமொழிக்குக் காத்துநிக்காமல் வாள்காரியைத் தன்ரை கைலேஞ்சியிலை சுத்திக்கொண்டு போட்டா.

நாலைஞ்சு நாளாலை திருப்பிக் கொண்டுவந்தா. பாடகர் குழுப் பிள்ளையளுக்குச் சட்டை தைச்சு மிஞ்சின வெளிர்நீலச் சீலையிலை, கால் மூடுற நீளத்திலை, முழுக்கை வைச்ச சட்டை. கழுத்துக்கு லேஸ் வேறை. கைக்குள்ளாலை வாள் மட்டும் நீட்டிக்கொண்டு நிண்டது. ரீச்சர், இது பதினையாயிரம் ரூபாய்ச் சாமான், இப்பிடிச் செய்யலாமோ எண்டு எனக்கு அழுகை வராத குறை. மனுசி மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு ஆறுதலாச் சொன்னா:

"பதினையாயிரம் ரூபாய்ப் பொம்மைக்கு அரை யார் சீலை போட அவங்களுக்கு ஏலாமல் போச்சோ?"

லண்டன்காரர்

இறுப்பிட்டிப் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு லண்டனிலை இருந்து வந்தவர் ஒருத்தர், வான் பிடிச்சு ஊர் சுத்திப் பாக்கேக்கை என்ரை கடையிலை சோடா குடிக்க இறங்கினார். முப்பது வயசிருக்கும், நெத்தியிலை மூண்டு குறி திருநீறு. கண்ணாடி அலுமாரியைக் கண்டவுடனை சோடாவைக் கீழை வைச்சிட்டார். "அக்கா, இவளுக்கு ஆர் சட்டை போட்டது?" எண்டு கேட்டுக்கொண்டு கண்ணாடியிலை முகத்தை ஒட்டினார். கன காலமாத் தேடுறாராம். பெட்டி உடைக்காதது இருந்தால் இப்பவே இருபத்தையாயிரம் தருவாராம்.

கதிரை வைச்சு ஏறி ரெண்டு பெட்டியையும் இறக்கினன். மனதுக்குள்ளை அதுக்கிடையிலை பாதிக் கூரைக்கு ஓடும் அடுக்கிப்போட்டன். அவர் ரோச் லைற்றை எடுத்து, டொக்ரர் பிள்ளையைப் பாக்கிற மாதிரி, ஒவ்வொரு மூலையாப் பாத்தார். ஒரு பெட்டியிலை மூலை ஊறிப் பொதுமிக் கிடந்தது. மற்றதிலை அடிப்பக்கம். தறப்பாளிலை இருந்து ஒழுகின தண்ணி. நல்ல மனுசன், ஏசேல்லை. பெட்டியைத் தடவி என்ரை கையிலை தந்திட்டுச் சொன்னார்:

"ஈரம் பட்டிட்டுது அக்கா. இப்பிடியான சாமான் வைக்கிறதெண்டால் முதல்லை கூரையைப் போடவேணும்."

தம்பி வந்தான்

கூரை போட இதை விக்கவேணும், இதை விக்கக் கூரை போடவேணும். நினைக்க நினைக்க எனக்கு விசர் வந்தது. ரெண்டு பெட்டியையும் சாக்காலை சுத்தி, அலுமாரிக்கு மேலை சுவரோடை தள்ளிப்போட்டு, அந்தப் பக்கமே பாக்காமல் இருந்தன். அடுத்த மாரியிலை அன்ரன் நத்தார்ப் பெருநாளுக்கு வந்தான். வந்து கதிரையிலை இருந்தவுடனை அவன்ரை பிடரியிலை ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பாத்திட்டுக் கேக்கிறான், ஏனக்கா இன்னும் கூரை போடேல்லை எண்டு. எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. "கூரை அலுமாரிக்கு மேலை கிடக்கு. திறக்க வேண்டாமெண்டு நீதானே சொன்னனீ" எண்டன். அவனுக்கு அதுவும் சந்தோசம். இப்ப விலை இன்னும் ஏறியிருக்கும் எண்டுகொண்டு கதிரையிலை ஏறிச் சாக்கை இழுத்தான்.

மண்தான் கொட்டிச்சுது. கறையான். பெட்டி எண்டு சொல்ல ஒரு துண்டு மட்டை மிஞ்சேல்லை. வாள்காரியள் ரெண்டுபேரும் நிலத்திலை விழுந்து கிடந்தாளவை, உடம்பிலை ஒரு கீறல் இல்லை. விலை இருந்த பக்கத்தை மட்டும் பாத்துத் திண்டிருக்கு. எத்தினையோ வருசமா அவனை ஏசுறதுக்குச் சேத்து வைச்சிருந்தன், எல்லாத்தையும் அண்டைக்கு எடுத்துவிடுவம் எண்டு வாயைத் திறந்தன். அவன் நிலத்திலை குந்திக்கொண்டு, "என்னட்டை இருந்ததிலை பெறுமதியானது உதுதானக்கா. காசு இருந்தால் காசை அனுப்பியிருப்பன்" எண்டான். வாடகை குடுத்து மிஞ்சினதிலை கொஞ்சம் கொஞ்சமா, தனக்கெண்டு வாங்கி வைச்சிருந்த பொம்மையளாம். ஆசைப்பட்டு வாங்கினதை எனக்கெண்டு அனுப்பியிருக்கிறான் மடையன். எனக்குப் பாவமாப் போச்சு, கோவமும் போகேல்லை. நானும் அவனுக்குப் பக்கத்திலை அந்த மண்ணுக்கு முன்னாலை குந்தினன். ரெலிபோன் எடுக்க வந்த சூசை அண்ணை பொம்மையளைத் தூக்கி, சாரத்திலை துடைச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"பொம்மைக்கு ஒரு காயமும் இல்லை, ஏன் ரெண்டுபேரும் செத்தவீட்டுக்காரர் மாதிரி இருக்கிறியள்?"

கூரை

அடுத்த கிழமை சூசை அண்ணை தன்ரை வளவுப் பனையோலையை வண்டிலிலை ஏத்தி அனுப்பினார். கூட வந்தது அந்தச் சும்மா நிக்கிற மருமோன் நேசன். நான் நம்பேல்லை. அவன் மளமளவெண்டு ஏறினான், தறப்பாளை அவிட்டு எறிஞ்சான், அன்ரன் ஓலையை எடுத்துக் குடுக்கக் குடுக்க வடிவா வேஞ்சு முடிச்சான். அடிச்ச முதல் மழைக்கு ஒரு சொட்டு உள்ளுக்கு வரேல்லை. கூலியைக் கொண்டுபோய் நீட்டினன். அவன் வாங்கேல்லை, கண்ணாடி அலுமாரியிலை சட்டைக்காரிக்குப் பக்கத்திலை நான் வைச்சிருந்த மற்ற ரெண்டுபேரையும் பாத்துச் சொன்னான்:

"காசு வேண்டாமக்கா. அந்த ரெண்டு பொம்மையையும் தாங்கோ, என்ரை சின்ன மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

ஆக, தம்பி சொன்னது பொய்யில்லை, என்ரை கூரை அந்தப் பெட்டியளுக்குள்ளைதான் கிடந்தது, அதைத் திறக்கவேணுமெண்டு எங்கள் எல்லாரிலும் கறையானுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.