எண்ணூர் குப்பத்து டிவியில் ஒரு கல்வெட்டு

2006 ஜனவரி கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை நானும் என் தோழி செல்வியும் எண்ணூர்ப் பக்கம் கிளம்பினோம். கடல் பார்க்க அல்ல, தொலைந்த படங்களைத் தேடி. செல்வி கல்வெட்டு ஆய்வு மாணவி. அவள் படமெடுத்த கல் சாலை வேலையில் நொறுங்கிவிட்டது. படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் பொங்கல் வாரத்தில் படுத்துவிட்டது. "இனி நான் படிச்சதுக்கு என்ன ஆதாரம்? அந்த அத்தியாயமே போச்சு" என்று பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தாள்.

பாரிமுனையிலிருந்து காலடிப்பேட்டைக்கு பஸ்ஸில் ஐந்து ரூபாய். கூட்டமில்லாத நாளில் முக்கால் மணி நேரம் (அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை). கேமராவிலிருந்து படங்களை அவளுக்கு இறக்கிக் கொடுத்த பிரவுசிங் சென்டர் அங்கேதான் இருக்கிறது.

கடைக்காரர் பாபு கம்ப்யூட்டரைத் துழாவிவிட்டு, "அதெல்லாம் அழிச்சிட்டேம்மா" என்றார். செல்வியின் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தொடர்ந்தார். "பேஜாராவாத. பாட்டு சிடி போடசொல்லோ எடம் மிஞ்சும்ல? காலியா வுட மன்சு வராது, கைல கீறத ரொப்பிடுவேன். எண்ணூர் குப்பத்துல கஸ்தூரி அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் போட்ட பாட்டு சிடில உன் கல்லுதான் கீது."

அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். கன்டெய்னர் லாரிகளின் நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். மீன் விற்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார் கஸ்தூரி அக்கா.

"கல்லா? பாட்டு முட்ஞ்சா தானா வரும். எங்கூட்டுப் பசங்க இதப் பாத்துகினுதான் சோறு துன்னும்" என்று சிடியைப் போட்டார். கடைசிப் பாட்டு ஓய்ந்ததும் கல் வந்தது. எட்டு வரியும் பளிச்சென்று! செல்வி அழுதேவிட்டாள்.

"இன்னாதான் எழுதிகீது, படி."

"சாத்தின்னு ஒரு பொண்ணு, கோயில்ல விளக்கெரிக்க ஆடு குடுத்திருக்காங்க."

"பொம்பளையா! பேரு வேற போட்டுக்கினாளா!" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நடந்ததையெல்லாம் சொல்லி, சிடியை எடுத்துப்போய் நாளை தருகிறோம் என்றதற்கு மட்டும் அக்கா மசியவில்லை. "கல்லும் ஒடஞ்சிச்சி, உன் டப்பாவும் பூட்ச்சி. உங்கைல தனியா வுடமாட்டேன்" என்று சிடியை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு ஆட்டோவில் ஏறி, பாபு கடையில் நகல் எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

எண்ணூர் போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன்பே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். படமெடுப்பவர்கள் அதன் நகலை அங்கேயே நாலு பேருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். செல்வி சம்மதத்தோடு எல்லாப் படங்களையும் கீழே போட்டிருக்கிறேன். யாரையும் கேட்க வேண்டாம், இறக்கிக்கொள்ளுங்கள். எங்களுடையது மறுபடி தொலைந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்.