கயிற்றுக்கு ஒரு அடி

ஃபெரூஜா கம்பைத் தூக்கினால் எலும்பு தப்பாது என்று அல்ஜீரியாவில் எங்கள் கபீல் மலையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் மலைச்சரிவுக்கு அவளைக் காவல் வைத்தோம். ஆண்பிள்ளை ஒருவனும் முன்வரவில்லை, வெட்கக்கேடு.

காட்டுத்தீ ஓய்ந்ததும், பிணங்களைப் புதைத்த அதே கைகளால் கருகிய சரிவில் ஊர் கூடி ஓக் விதை ஊன்றினோம். ஊர்ச்சபை ஒரே ஒரு சட்டம் போட்டது. மரம் தலையெடுக்கும்வரை சரிவில் ஆடு கால் வைக்கக்கூடாது. வைத்தால் அங்கேயே அறுத்து, வீட்டுக்கு வீடு பங்கு.

ஃபெரூஜாவின் கணவன் அந்தச் சரிவில்தான் வெந்து செத்தான். அவள் பிழைத்தது தன் வெள்ளாட்டினால். புகையில் கண் தெரியாமல் அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். அது ஓடைவரை இழுத்துப் போனது. ஒரு கொம்பு அவள் கையோடு ஒடிந்து வந்துவிட்டது. அதன்பின் அந்த ஆடுதான் அவளுக்கு எல்லாம்.

சட்டத்தை முதலில் மீறியது அவள் கொழுந்தன் மொக்ரானின் கிடா.

"கயித்த அறுத்துக்கிட்டு வந்துருச்சு அண்ணி, நான் என்ன பண்ணுவேன்?"

"எப்படி வந்துச்சுன்னு எவன்டா கேட்டான்? ஆடு உள்ள இருக்கா, இல்லையா?"

"எங்கண்ணனத் தின்னது பத்தாதா? என் ஆட்டையும் தின்னணுமா?"

கம்பு அவன் மூக்கில் இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். அன்று மாலை ஊரே அந்தக் கிடாவின் கறியைத் தின்றது. நானும்தான்.

சில நாள் கழித்து, விடிந்ததும் பார்த்தால் ஃபெரூஜாவின் ஆடு சரிவில் நின்று துளிர்களை மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்துக் கயிறு கத்தியால் நறுக்கியதுபோல் துண்டாகியிருந்தது. மூக்கில் கட்டோடு மொக்ரான் முன்னால் வந்து இளித்தான்.

"ஆடு உள்ள இருக்கா, இல்லையா அண்ணி?"

சபைத்தலைவர் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "இது கத்தி பட்ட கயிறும்மா. ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போ."

ஆடு வைத்திருந்த அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் ஓட்டிக்கொண்டு போனால், மாலைக்குள் ஊர் மந்தை முழுவதும் சரிவில் நிற்கும். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போய்விட மாட்டாளா என்று என் மனம் அடித்துக்கொண்டது.

எங்களில் பெண்கள் ஆடு அறுக்கக் கத்தி எடுப்பதில்லை. அவள் சாம்பலில் உட்கார்ந்து, ஆட்டின் தலையை மடியில் இழுத்து, மிச்சமிருந்த ஒற்றைக் கொம்பைப் பிடித்தாள்.

"மொக்ரான், வா. நீயே அறு."

அவன் இளிப்பு அடங்கியது. கத்தியை எடுத்தான். முதல் வெட்டு சரியாக விழவில்லை, ஆடு அலறியது.

"அழுத்துடா, பேடிப் பயலே! அதச் சித்திரவதை பண்ணாத!"

ரத்தம் பீறிட்டு அவள் முகம், மார்பு எல்லாம் நனைந்தது. கால்கள் உதைத்து ஓயும்வரை கொம்பை விடவில்லை. பிறகு எழுந்தாள். கம்பை எடுத்தாள். கத்தி பிடித்த அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சட்டம் ஆட்டுக்கு. இது கயித்துக்கு."

சபைத்தலைவர் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் பங்குக் கறியை அவள் வாங்கிக்கொண்டு போனாள். சமைத்தாள், தின்றாள், வாசலில் நின்று நான் பார்த்தேன். அதன்பின் சரிவில் ஒரு ஆடும் நுழையவில்லை. ஓக் கன்றுகள் இப்போது இடுப்புக்கு மேல் வந்துவிட்டன. காவல் இன்னும் அவள்தான். அவள் வீட்டில் மட்டும் ஆடு இல்லை.