கோணல்மாணலாகக் கிடந்த வரிகள்

பைத்தான் என்கிற கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றுத்தரும் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எழுதினேன். நானே பதிப்பித்தும் விட்டேன். பெங்களூர் வேலையில் ஆறு மாத விடுப்புச் சொல்லிவிட்டு, தச்சநல்லூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்த காரியம் அது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரி அதைப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது. அங்கே பிள்ளைகள் அதை வைத்துப் படித்துவிட்டால் இங்கேயே பதிப்பகம் நடத்துவது; இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர். வீட்டில் அப்படித்தான் பேச்சு. விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தது.

வகுப்பு தொடங்கிய அன்றே அங்குள்ள ஆசிரியை போன் செய்தார். “முதல் புரோகிராமே ஓட மாட்டேங்கு மேடம். புஸ்தகத்தப் பாத்துத்தான் அப்படியே அடிக்காங்க. நாளைக்கும் இப்படின்னா நான் பழைய இங்கிலீஷ் புஸ்தகத்துக்கே போயிருவேன்.”

புத்தகத்தைத் திறந்தேன். அச்சாகி வந்த நாளிலிருந்து அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தவள், உள்ளே ஒரு நிரலையாவது பார்த்திருக்க வேண்டாமா? எல்லா வரிகளும் இடது ஓரத்தில், பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. பைத்தானில் சில வரிகள் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். எந்த வரி எதற்குக் கீழ்ப்பட்டது என்று கணினி அந்த இடைவெளியை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். நான் திருத்திக் கொடுத்த படியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பக்கங்களை வடிவமைத்த அண்ணாச்சியின் கடைக்குப் பறந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் பேர்போனவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். ஆனாலும் கடைக்காரர், அதனால் அண்ணாச்சி. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

“வரியெல்லாம் கோணல்மாணலா கெடந்துச்சுக்கா. பாக்க நல்லாவா இருக்கு? அதான் பூராத்தையும் சீராக்கி வச்சேன்,” என்றார், ஏதோ பெரிய உபகாரம் செய்த மாதிரி.

சுவரில் ஒரு மாதிரிப் பத்திரிகை தொங்கியது. அதைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “மாப்பிள்ளை வீட்டுக்குக் கீழ இருக்கிற தாய்மாமன் பேரைப் பொண்ணு வீட்டுக்குக் கீழ போட்டா என்ன ஆகும்? சொல்லும் அண்ணாச்சி!”

“மண்டபத்துல அடிதடில்லா நடக்கும்!”

“இங்கயும் அதான் நடக்கு!”

அவர் பத்திரிகையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். “அய்யய்யோ, நான் எல்லாரையும் ஒரே வீடாக்கிட்டேனா?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று பக்கம் எழுதியும் நான் சரியாகச் சொல்ல முடியாததை மனுஷர் ஒரே மூச்சில் பிடித்துவிட்டார்!

மறுநாள் காலை இருவரும் ஒரு பெட்டிப் பென்சிலோடு பஸ் ஏறினோம். வகுப்பில் முதலில் நிரலைத் தொடவில்லை. கரும்பலகையில் கல்யாணப் பத்திரிகை எழுதினேன். வகுப்பே சிரித்தது. பிறகு ஒவ்வொருவரும் எந்த வரி எந்த வீடு என்று பார்த்துத் தங்கள் புத்தகத்தில் அம்புக்குறி போட்டார்கள். அண்ணாச்சியும் பெஞ்சு பெஞ்சாகப் போய், “இது உள்ள தள்ளணும்லா?” என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தன் பிரதியைத் திருத்தினார்.

அம்புக்குறிப்படி கணினியில் அடிக்க ஆரம்பித்ததும், ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல். “ஓடுது! மேடம், ஓடுது!” அடுத்த மேசையிலும் அதே சத்தம். அதற்கடுத்த மேசையிலும். நான் சிரித்தேனா அழுதேனா என்றால், இரண்டும்தான்.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். “அடுத்த புஸ்தகம் எப்ப மேடம் வரும்?”

அடுத்த புத்தகமா? அப்படி ஒன்று என் மனதிலேயே இல்லை. “ஆடிக்குள்ள வந்துரும்,” என்றது வாய்.

“ஆடியிலயா?” அண்ணாச்சி பதறிவிட்டார். “ஆவணிக் கல்யாணப் பத்திரிகை பூரா அப்பந்தானக்கா வரும்!”

பஸ் வரும்வரை சண்டை போட்டோம். ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து, வேலைக்குத் திரும்பவில்லை என்று பெங்களூருக்கு எழுதி அனுப்பினேன்.