டவுன் பஸ் அத்தானின் நடை

என் அக்கா புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் டவுன் பஸ். நட்டு, போல்ட்டு, குழாய் விற்கிற கடைக்காரர். தெருவில் இறங்கினால் நாலு எட்டுக்கு ஒருமுறை நிற்பார். எதிரே யார் வந்தாலும் பிடித்து வைத்து, "உங்க வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுதா?" என்று ஆரம்பிப்பார். ஆள் கிடைக்காவிட்டால் பூட்டிய கடையின் பெயர்ப்பலகையைப் படிப்பார்.

அக்காவுக்கு அதுதான் மனத்தாங்கல். "ஊர்ல எல்லார்கூடவும் பேச வாய் இருக்கு. என்கூட சேர்ந்து நடக்கத்தான் கசக்குது" என்று சொல்லி, அவரோடு வெளியே போவதையே விட்டுவிட்டாள். எனக்கும் அத்தான் மேல் கோபம்தான்.

அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. அதைப் பார்க்கும் டாக்டர் ஒருநாள் அவர் பாதத்தில் நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கி, நடைச் சோதனைக்கு அனுப்பினார். மூவரும் போனோம். ட்ரெட்மில் அறையில் இருந்த டெக்னீஷியன் அம்மா கறாரானவர்.

"கம்பியை இறுக்கிப் பிடிக்காதீங்க. கெண்டைக்கால் வலிச்சா சொல்லுங்க, ஆனா முடியிற வரைக்கும் நடங்க. எவ்வளவு தூரம் தாங்குதுன்னு பார்க்கணும்."

பட்டை ஓடத் தொடங்கியது. அத்தான் ராஜநடை போட்டார். கொஞ்ச நேரத்தில், "ஏம்மா, உங்க வீட்டுல தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டபடி வழக்கம்போல நின்றார். அவர் நின்றார், பட்டை நிற்கவில்லை. பேச்சோடு பேச்சாகப் பின்னால் போனவரை நான் தாங்கிப் பிடித்தேன். அந்த அம்மா பட்டனை அழுத்தினார். அக்கா சிரித்தே விட்டாள்.

"பேசறதுக்காக நின்னீங்களா, நிக்கிறதுக்காகப் பேசினீங்களா?" என்றார் டெக்னீஷியன்.

அத்தான் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு திருதிருவென விழித்தார். அக்காவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"எத்தனை நாளா இந்த வலி?" என்று கேட்டார் டெக்னீஷியன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். சொன்னா காலை எடுத்துடுவாங்கன்னு பயம்."

"அட பாவி மனுஷா! என்கூட நடக்கப் பிடிக்காமத்தான் நிக்கிறீங்கன்னு நினைச்சேனே!" அக்கா அங்கேயே அழுதாள்.

ஓய்வெடுத்துவிட்டு அத்தான் மறுபடி ஏறினார். இம்முறை வலியை வலி என்றே சொல்லி நடந்து முடித்தார். டாக்டர் முடிவைப் பார்த்தார். காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் கொஞ்சம் அடைப்பாம். "காலை எடுக்கவெல்லாம் வேண்டாம். மாத்திரை தரேன். தினமும் நடங்க. வலி அதிகமானா நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க. அதான் வைத்தியம்." குழாய்க்காரருக்கே குழாய் அடைப்பா என்று நான் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். நானும் பின்னால் போனேன். தெருமுனையில் அத்தான் நின்றார். அக்கா ஏதோ சொல்லத் தொடங்கினாள். தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து கையசைத்தார், அத்தான் கவனிக்கவே இல்லை. சற்றுப் பொறுத்து, "வலி விட்டுடுச்சு, போலாமா?" என்றார்.

"இருங்க, நான் இன்னும் பேசி முடிக்கல" என்றாள் அக்கா.