கோதண்டம் ஏறிய மூக்கு மலை

எண்ணூர்க் குப்பத்துக் கோதண்டத்துக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் வந்த கோபம் வருஷம் ஒன்று ஆகியும் அப்படியே இருந்தது. நியாயமான கோபம் என்றே சொல்ல வேண்டும்.

கடலில் நின்று மேற்கே பார்த்தால் தூரத்தில் நகரி மலையின் மூக்கு தெரியும். கரையில் நின்ற இரட்டைப் பனைக்கு நேர் பின்னால் அந்த மூக்கு வந்தால், கட்டுமரத்துக்கு அடியில் மீன் அடையும் பாறைத் திட்டு. மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் 'பார்'. குப்பத்துக்கே சோறு போட்ட அந்தப் பனைகளை அந்த வருஷம்தான் ஆலை கட்ட வந்த கம்பெனிக்காரன் வெட்டிச் சாய்த்தான், அதே இடத்தில் புகைக்கூண்டு எழுப்பினான். மற்றவர்கள் புகைக்கூண்டையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். கோதண்டம் மட்டும் அந்தச் சனியனை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டான். குத்துமதிப்பாக வலை இறக்கியதில் இரண்டு வலை கிழிந்தது. அவன் பெண்சாதி மங்கையின் கூடை பாதி நாள் காலி.

புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போன குப்பத்துக் கூட்டம் மலையடிவாரத்து நகரியில் தங்கியது. விடிந்ததும் கோதண்டம், கூட வந்த மங்கையின் தம்பி தண்டபாணியை உலுக்கினான்.

"எய்ந்திரு. மூக்கு மேல ஏறணும்."

"இன்னாத்துக்கு மாமா?"

"கடல்லேர்ந்து மல தெரியுதில்ல? அப்போ மலைலேர்ந்து நம்ம பாரு தெரியாமயா பூடும்? எங்க கீதுன்னு ஒருவாட்டி பாத்துக்கினா போதும். அந்தக் கயிதப் பொகக்கூண்டு நமக்கு வாணாம்."

தண்டபாணி தலையில் அடித்துக்கொண்டு கூடப் போனான். கட்டுமரத்தில் ஆடாமல் நிற்கும் கால்கள் சரளைக்கல்லில் வழுக்கின. கோதண்டம் முள்ளையும் திட்டினான், கம்பெனியையும் திட்டினான். உச்சிக்குப் போகும்போது மதியம்.

கிழக்கே மங்கலாக ஒரு வெளுப்பு. கடலா வானமா என்றே பிரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒற்றைக் கறுப்புப் புகை மட்டும்.

"பன நின்ன எடம் அதான் மாமா," என்றான் தண்டபாணி மெதுவாக.

"வாய மூட்றா!"

கோதண்டம் ஒரு கல்லை எடுத்து அந்தப் புகையைப் பார்த்து வீசினான். அது பத்தடி தள்ளிப் புதரில் விழுந்தது.

பெருமாளைச் சேவித்து ஊர் திரும்பிய மறுநாள், நடுக்கடலில் பல்லைக் கடித்துக்கொண்டு புகைக்கூண்டை நிமிர்ந்து பார்த்தான். அதன் பின்னால் மலைமூக்கு வந்து நின்றது. வலையை இறக்கினான்.

கரையில் மங்கை இரண்டு முறை கூடை நிரப்பினாள்.

"எந்த அடையாளம் புட்ச்சிப் போட்ட?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்.

"மீன வாரு! கேள்வி கேக்காத!" என்று சீறினான். வலை காலியாக வந்திருந்தால் அன்று அவனுக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.