ஐந்து ஜோடித் தட்டுகளுக்காக வெர்னா போட்ட சண்டை

நூற்று இருபத்தெட்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரம் கோர், அதாவது அணிவகுத்து வாசிக்கிற வாத்தியக் குழு, போட்டிக் களத்தில் இறக்கலாம் என்று விதி அனுமதிக்கிற தலைகள் அவ்வளவுதான். கொம்பு ஊதுகிறவர்கள், முரசு அடிக்கிறவர்கள், கொடி வீசுகிறவர்கள், முன்னால் கோல் பிடித்து நடக்கிற தலைவன், எல்லாரும் இதற்குள் அடக்கம். அதற்கு மேல் ஒரு ஆள், எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், பஸ்ஸில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே தள்ளுவது என்பதில்தான் எல்லாத் தகராறும்.

1994-ஆம் வருஷம் அமெரிக்காவில், விஸ்கான்சினில், கிரேன் லேக் சென்டினல்ஸ் என்ற கோரில் வெளியே தள்ளப்பட்டவர்கள் இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதி அடிக்கிற சிம்பல்காரர்கள். ஐந்து பேர். அவர்களைப் பழக்கியவள் வெர்னா டோலஃப்சன். பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் பஸ் ஓட்டுவாள். கோடையில் சிம்பல் வரிசையைப் பழக்குவாள். இரண்டு வேலையிலும் கத்துவதுதான் பாதி வேலை என்பாள். அவள் புருஷன் ஓரின் பால் பண்ணையில் வேலை பார்த்தவன். ஜூன் மாதம் பிறந்ததும் அவளைக் கோரின் லாரியில் ஏற்றிவிட்டு, அமைதியாக மீன் பிடிக்கப் போய்விடுவான்.

வெர்னா பதினாறு வயதில் ஸ்னேர் அடிக்க ஆசைப்பட்டு ஒரு கோருக்குப் போனாள். ஸ்னேர் என்றால் இடுப்புக்கு முன்னால் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் பொரிந்து தள்ளுகிற முரசு. பேர், புகழ், காதலி எல்லாம் அதை அடிக்கிறவனுக்குத்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொண்ணா? சிம்பல். அடுத்து யாரு?" என்றான். அன்றைக்கு ஏறின எரிச்சல் அவளுக்கு இன்னும் இறங்கவில்லை.

அந்தத் தட்டைக் கையில் எடுத்த பிறகுதான் இன்னொரு எரிச்சல் சேர்ந்தது: இது சுலபமான வேலை என்று யார் சொன்னது? இரண்டு தட்டையும் நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று அடைத்துக்கொண்டு, பானை மூடி விழுந்த மாதிரி 'தப்' என்று செத்துப்போகும். சாய்த்து, வழுக்கவிட்டு, விலக்க வேண்டும். தோல் பட்டை கட்டைவிரல் இடுக்கை அறுக்கும். நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும், திரும்ப வேண்டும், பின்னால் பார்க்காமல் பின்னால் போக வேண்டும். நடுநடுவே ஸ்னேர்காரர்களுக்கு முன்னால் போய் நின்று, தட்டுகளைப் படுக்கைவசமாக நீட்ட வேண்டும். அவர்கள் அதன்மேல் குச்சியால் அடித்து 'டிஸ் டிஸ்' என்று தாளம் போட்டுக் கைதட்டு வாங்குவார்கள். தட்டைப் பிடித்தவனுக்குக் கிடைப்பது காது அடைப்பு.

இதில் வெர்னாவுக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஸ்னேர் தேர்வில் தேறாதவன், பேஸ் டிரம் என்கிற பெரிய முரசைத் தூக்க முதுகு இல்லாதவன், எல்லாரையும் அவளிடம் அனுப்பிவைப்பார்கள். "நான் என்ன குப்பை வண்டியா ஓட்டறேன்?" என்று வருஷா வருஷம் கேட்பாள். கேட்டுவிட்டு அவர்களையே வரிசையாக நிற்க வைத்து, மழையில், வெயிலில், கொசுவில் பழக்கி, ஒரே ஆள் அடித்த மாதிரி அடிக்க வைப்பாள்.

மே மாதப் பயிற்சி முகாமில் கெய்லார்ட் நிஸ்டாட் அவளைக் கூப்பிட்டனுப்பினான். கோரின் நிர்வாகி, வெர்னாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். பக்கத்தில் கோல்பி ரென்ஷா. முரசுப் பிரிவைப் பழக்கப் புதிதாகக் கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த இளந்தாரி.

"அஞ்சு இடம், வெர்னா," என்றான் கோல்பி. "அந்த அஞ்சு இடத்துல அஞ்சு பெரிய கொம்பு வெச்சோம்னா, கேக்கறவங்க அடிவயிறு அதிரும். எல்லா பெரிய கோரும் இதைத்தான் பண்றாங்க."

"சிம்பல் சத்தத்துக்கு என்ன பண்ணப்போறே? எல்லாரும் சேர்ந்து வாயால 'ஜிங்'குன்னு சொல்லப்போறீங்களா?"

"ஸ்டாண்டுல ஒரு ஜோடி மாட்டி களத்துக்கு முன்னாடி வெச்சாச்சு."

"அது நடக்குமா? திரும்புமா? உன் ஸ்னேர் பசங்க முன்னாடி வந்து நிக்குமா?"

"பாட்டுல அந்தப் பகுதியையே மாத்தி எழுதிட்டேன்."

"மாத்தி எழுதிட்டியா! கெய்லார்ட், இவன் மாத்தி எழுதிட்டானாம். நீ தலையாட்டிட்டியா?"

"கொஞ்சம் மெதுவா பேசு வெர்னா, சமையல் லாரி வரைக்கும் கேக்குது," என்றான் கெய்லார்ட்.

மெதுவாகப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். ஒத்திகைக்கு நிழல் கிடையாது, தட்டு துடைக்கத் துணி கிடையாது, போன வருஷம் அவள் பசங்களுக்கு மட்டும் பழைய தொப்பி, ஊர்வலத்தில் யார் சைகை காட்டப்போகிறீர்கள், அவள் பெயரைச் சட்டையில் தப்பாகத் தைத்தது, ஓரினுக்குப் போட்டி பார்க்க டிக்கெட் தராதது. காரியமான கேள்வி அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தொப்பிக்கும் சட்டைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் கெய்லார்ட் காபியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தான். சண்டை போடத் தெரிந்தவர்கள் பண்ணுகிற தப்பு இது: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எதிராளிக்கு எதுவுமே காதில் விழாது.

ஐந்து பேரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பாமல், லாரி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். முரசு ஏற்றலாம், தண்ணீர் வண்டி தள்ளலாம், சாண்ட்விச் போடலாம். வரிசையின் தலைவி லூரீன் ஹாகா. அவளுக்கு வயது இருபத்தொன்று. அதற்கு மேல் களத்தில் இறங்க விதி விடாது. அதாவது இதுதான் அவளுக்குக் கடைசிக் கோடை.

"தட்டு அடிச்ச கை, இப்ப தட்டு கழுவுது," என்று சிரித்தாள் லூரீன்.

"சிரிக்காதே. எனக்குப் பத்திக்கிட்டு வருது," என்றாள் வெர்னா.

"நான் அழுதா கோல்பி மனசு மாறிடுவானா?"

"மாற மாட்டான். அதுக்காக இப்படிச் சிரிச்சுத் தொலைக்கணுமா?"

ஜூலை நாலு, அமெரிக்கச் சுதந்திர தினம், வந்தது. அன்றைக்கு எந்தக் கோரும் சும்மா இருக்காது. ஒரு ஊர் ஊர்வலத்தை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். களத்தில் ஆடுகிற ஆட்டத்துக்கு நாள் முழுக்க ஒத்திகை பார்ப்பார்கள். ஊர்வலத்துக்கு யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. தெருவில் நேராக நடப்பதற்கு என்ன ஒத்திகை?

சென்டினல்ஸ் தெருவில் போகிற முறை இது: முதலில் கோல் பிடித்த தலைவன், பிறகு கொடிப் பெண்கள், பிறகு கொம்புகள், அதற்குப் பின்னால் சிம்பல் வரிசை, கடைசியில் முரசுகள். நடக்கும்போது முரசு மட்டும் அடித்துக்கொண்டு போகும். பாட்டு ஆரம்பிக்க வேண்டும் என்றால் தலைவன் கோலைத் தூக்குவான். முரசுக்காரர்களுக்கு அது தெரியாது, விசில் ஊதினால் கேட்காது. சிம்பல்காரர்கள் அதைப் பார்த்துத் தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்குவார்கள். வெயிலில் பளிச்சென்று மின்னும். முரசுகள் உடனே தாளத்தை மாற்றி உருட்டிக் கொடுக்கும், கொம்புகள் உயரும், பாட்டு தொடங்கும். இப்படித்தான் நடக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. பல வருஷமாக அப்படியே நடந்து வந்தது.

இந்த வருஷம் சிம்பல்கள் நடந்த இடத்தில் ஐந்து பெரிய கொம்புகள். தோளில் சாய்த்து வைக்கிற ரகம். வாய் அண்டா அகலம். பின்னால் வருகிற முரசுக்காரர்களுக்குத் தெரு தெரியாது, வானம்கூட முக்கால்வாசி தெரியாது.

பெரியவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முனையில் தலைவன் கோலைத் தூக்கினான். கொம்புகள் உயர்ந்தன. முரசுகள் எதையும் காணாமல் பழைய தாளத்தையே அடித்துக்கொண்டு வந்தன. முன் வரிசைக் கொம்புகள் காத்துப் பார்த்துப் பொறுக்காமல் ஊத ஆரம்பித்தன. நடு வரிசை ஊதலாமா வேண்டாமா என்று பாதி ஊதியது. பின் வரிசை நிறுத்தியது. கொடிப் பெண்கள் எதையும் கவனிக்காமல் அடுத்த தெருமுனை வரை போய்விட்டார்கள். வணக்கம் வைக்க எழுந்து நின்ற ஒரு பழைய சிப்பாய், கையைத் தொப்பியில் வைத்தபடியே இடமும் வலமும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பின்னால் வந்த தீயணைப்பு வண்டி ஹாரன் அடித்தது.

கோல்பி ஓரமாக ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினான். நிறுத்தச் சொல்லி ஆட்டினான். நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறான் என நினைத்து ஸ்னேர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

தண்ணீர் வண்டியோடு நடந்து வந்த லூரீன் வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லூரீன் வண்டியிலிருந்த சாண்ட்விச்சைக் கவிழ்த்துவிட்டு, இரண்டு அலுமினியத் தாம்பாளங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள். கொம்புகளுக்கும் முரசுகளுக்கும் நடுவில் புகுந்து, தலைக்கு மேல் தூக்கினாள். வெயில் பட்டு மின்னியது. அந்த நொடியில் முரசுகள் உருட்டின. கொம்புகள் உயர்ந்தன. பாட்டு கிளம்பியது. பெரியவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அதுவும் ஆட்டத்தில் ஒரு அங்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஊர்வலம் முடிந்ததும் லாரிக்குப் பின்னால் கெய்லார்ட் வந்தான். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"உனக்கு இப்படி ஆகும்னு தெரியும். தெரிஞ்சே விட்டுட்டே!"

"மே மாசமே சொன்னேன்."

"நீ என்னென்னவோ சொன்னே! தொப்பி சொன்னே, துணி சொன்னே, ஓரினுக்கு டிக்கெட்டுன்னே! அதுல இதை எங்கே தேடறது?"

அவன் சொன்னது சரிதான் என்று வெர்னாவுக்கே தெரிந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

"சரி," என்றான் கெய்லார்ட். "ஜெயிச்சுட்டே. உன் அஞ்சு பேரையும் கூட்டிட்டு வா. அந்தப் புதுக் கொம்புப் பசங்க அஞ்சு பேரையும் நாளைக்கு பஸ் ஏத்தி விட்டுடறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. வெர்னா தன் பசங்களிடம் சொல்ல நேரே நடந்தாள். வழியில் அந்த ஐந்து கொம்புப் பசங்களும் புல்லில் உட்கார்ந்து சாஸேஜ் தின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வாரமாக அவர்கள் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. நெப்ராஸ்காவிலிருந்து வந்த ராய்ஸ் என்கிற பையன் எழுந்து நின்றான். தோளில் கொம்பு அழுத்தின இடம் புண்ணாகியிருந்தது.

"மேடம், நாங்க கிளம்பணுமாமே?"

"யார் சொன்னது?"

"சமையல் லாரி வரைக்கும் கேட்டுது. எங்க நிலத்துல அப்பாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன். இப்ப எந்த மூஞ்சியோட போறது?"

வெர்னா அவனையும் அவன் தோளையும் பார்த்தாள். "அட கடவுளே," என்றாள். திரும்பி வந்தாள்.

"கெய்லார்ட், அவங்களை அனுப்பாதே."

"உனக்குப் பைத்தியமா? நீதானே கேட்டே!"

"என் பசங்களை உள்ளே விடுன்னு கேட்டேன். அந்தப் பசங்களைத் தெருவுல விடுன்னா கேட்டேன்? நீ எப்பவும் இதையே பண்றே. உன் தப்புக்கு ரெண்டு கூட்டத்தை மோத விட்டுட்டு நடுவுல காபி குடிக்கிறே."

"நூத்தி இருபத்தெட்டு, வெர்னா! விதி! நான் எங்கே போய் இடம் செய்யறது, மாவுல பிசைஞ்சா?"

"உன் அக்கா மகன் கிப். துணைத் தலைவனாம். அவன் பண்றது என்ன? ஒரு சல்யூட். ஒரே ஒரு சல்யூட்டுக்கு ஒரு இடம்."

அதற்குள் அங்கே வந்து நின்ற கோல்பி சிரித்துவிட்டான். கெய்லார்ட் அவனை முறைத்தான்.

"கிப்புக்கு அதுல விருப்பமே இல்லைங்க," என்றான் கோல்பி. "லாரி ஓட்டத்தான் ஆசைன்னு என்கிட்டயே சொன்னான்."

"சரி, ஒண்ணு," என்றான் கெய்லார்ட். "மீதி?"

"யாராவது காலை ஒடிச்சுக்குவாங்க, காய்ச்சல்ல விழுவாங்க. வருஷா வருஷம் விழறாங்க. இனிமே காலியாகிற ஒவ்வொரு இடமும் என் வரிசைக்கு. கொம்புக்கு இல்லை, கொடிக்கு இல்லை. என் வரிசைக்கு."

கெய்லார்ட் கை நீட்டினான். அந்தக் கையைக் குலுக்கும்போதும் அவள் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் இடம் லூரீனுக்கு என்று சிம்பல்காரர்கள் ஐவரும் தாங்களே முடிவு செய்தார்கள். அதற்கப்புறம் வெர்னாவின் பாடு சொல்ல முடியாதது. யார் நொண்டினாலும் அவள் மனசு துள்ளும். உடனே தன்னையே திட்டிக்கொண்டு ஐஸ் கட்டி எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஒரு கொடிப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. ஒரு கொம்புக்காரன் தொண்டை வீங்கி வீட்டுக்குப் போனான். பிறகு ஒருத்தரும் விழவில்லை. அத்தனை பேரும் கல் மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்கள். "இந்த வருஷம்னு பார்த்து எல்லாருக்கும் உடம்பு நல்லா இருக்கு பாரு," என்று ஓரினுக்கு போனில் புலம்பினாள்.

ஆகஸ்ட் இறுதிப் போட்டியில் லூரீனும் இன்னும் இருவரும் களத்தில் நடந்தார்கள். கோல்பி தான் மாற்றி எழுதினதைத் திரும்ப மாற்றி எழுதியிருந்தான். மூன்று ஜோடித் தட்டுகள் ஸ்னேர்களுக்கு முன்னால் வந்து நின்றன. குச்சிகள் அதன்மேல் இறங்கின. அரங்கம் இரைந்தது. மற்ற இருவரும் வெர்னாவோடு வேலிக்கு வெளியே நின்று வெறும் கையால் காற்றில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவர்கள் பார்க்கும்போதே பேசிப் பதிவு செய்கிற கேஸட், போட்டி முடிந்ததும் கோருக்கு வரும். முரசு நடுவரின் குரல் சொன்னது: "சிம்பல் வரிசை இருக்கே, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஏன் இப்படி மெலிசா வெச்சிருக்காங்க? இன்னும் ரெண்டு பேர் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

வெர்னா கேஸட்டைப் பிடுங்கி கெய்லார்ட் மடியில் எறிந்தாள்.

"கேட்டேன், கேட்டேன்," என்றான் அவன். "அடுத்த வருஷம் அஞ்சு. சத்தியமா அஞ்சு. இப்ப கத்தாதே."

அடுத்த மே மாதம் சிம்பல் வரிசைக்கு அவன் ஒதுக்கிய இடம்: நான்கு.