முர்ரானுஸ் மேடையேறிய நாள்

ஸ்பெயின் போரில் ஒரு கண்ணை இழந்து ரோமுக்குத் திரும்பிய முர்ரானுஸ், அவெந்தைன் மேட்டில் துணி வெளுத்துப் பிழைத்துவந்தான். அவனுடைய பழைய தளபதி நொவெல்லியஸ் அவனை ஒருநாளும் நினைத்ததில்லை. தேர்தல் நெருங்கியதும் அவர் வீட்டு ஆள் ஃபிலோ, உப்புப்போட்ட பன்றித்தொடையும் ஒரு ஜாடி மதுவுமாக வந்து நின்றான்.

முர்ரானுஸின் மனைவி தெர்த்துல்லா ஜாடியை மோந்து பார்த்தாள். “மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்கண்ணே.”

ஃபிலோ சிரித்துக்கொண்டே குடித்தான். “தளபதி, நாட்டையே ஆளுற கான்சல் பதவிக்கு நிக்கிறாரு. எரியுற கோட்டையிலருந்து உன்னத் தோள்ல தூக்கிட்டு வந்தது அவருதான்னு மேடையில சொல்லு. தழும்பக் காட்டு. போதும்.”

உண்மையில் தூக்கிவந்தவன் கேசோ என்ற சக வீரன். பிறகு அவன்மேல் கலகக்காரன் என்று பழிபோட்டு, தடியால் அடித்தே கொல்லச் சொன்னவர் நொவெல்லியஸ்.

கிளம்பும்போது ஃபிலோ, செருப்பு வாரை இழுத்துக் கட்டியபடி கேட்டான்: “உன்கூட இருந்தவங்க வேற யாராச்சும் உசிரோட இருக்காங்களா?”

அந்தக் கேள்விதான் முர்ரானுஸை உறுத்தியது. எல்லாவற்றையும் பார்த்த பாப்பஸ் ஒஸ்தியாத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். “எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க,” என்றான் முர்ரானுஸ்.

தெர்த்துல்லா கதவைத் தாழிட்டாள். “மேடையில நீ அவங்க சொன்ன பொய்யச் சொன்னாலும் உன்ன உசிரோட விடமாட்டாங்கய்யா. நாளைக்கு நீ மாத்திப் பேசிட்டா என்ன பண்றதுன்னு பயப்படுவாங்க.”

“அப்ப கூட்டத்துக்கு முன்னாடியே உண்மையச் சொல்லிடுறேன். அப்புறம் எனக்கு ஏதாவது ஆனா, யாரு செஞ்சதுன்னு ஊருக்கே தெரியுமில்ல?”

சொன்னான். மேடையில் நின்று, “என்னத் தூக்கினது கேசோ. அவனக் கொன்னது இவரு,” என்றான். நொவெல்லியஸ் முகம் மாறவில்லை. ஓடிவந்து கட்டிக்கொண்டார். “பாவம், என் புள்ள! அன்னிக்குத் தலையில பட்ட அடி!” கூட்டம் உச்சுக்கொட்டியது. அவருடைய விரல்கள் மட்டும் முர்ரானுஸின் பிடரியை நெரித்தன.

அவரே ஜெயித்தார். முர்ரானுஸை யாரும் தேடி வரவில்லை. அதற்குப் பதில், கான்சலின் அங்கிகள் அவனிடமே வெளுக்க வரத் தொடங்கின. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கொண்டைக்கடலை விற்க வந்த புது ஆள் அவர்கள் வாசலைவிட்டு நகரவில்லை. ஒரு விடியலில் முர்ரானுஸும் தெர்த்துல்லாவும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஒஸ்தியாவுக்குப் போய்விட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, நொவெல்லியஸ் சிரியாவில் காய்ச்சலில் செத்தார் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். பாப்பஸ் துள்ளிக் குதித்தான்.

முர்ரானுஸ் கேட்டான்: “பொணத்தப் பாத்தது யாரு?”